வரிசையில் நிற்க வேண்டியது யார்?

தமிழ்நாட்டின் எந்த ஊர் ஜெராக்ஸ் கடையிலும் இந்த மேசையைப் பார்க்கலாம். கணினி ஒன்றுதான். அதன் முதுகிலிருந்து நான்கு ஒயர்கள் கிளம்புகின்றன. ஒன்று கறுப்பு-வெள்ளை லேசர் பிரிண்டருக்கு. பட்டா, சிட்டா, ஹால் டிக்கெட் எல்லாம் அதில்தான் வரும். இன்னொன்று இங்க் டேங்க் வைத்த கலர் பிரிண்டருக்கு. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ அதன் பிழைப்பு. மூன்றாவது, பில் அடிக்கும் சின்ன தெர்மல் பிரிண்டர். நான்காவது, கார்பன் நகல் வேண்டியிருப்பதால் இன்னும் ஓய்வு கொடுக்கப்படாத டாட் மேட்ரிக்ஸ். கூட்டம் சேரும் நாளில் மவுஸ் அம்பு நகர மறுக்கிறது, ஒரு பி.டி.எஃப். திறக்க அரை நிமிடம் ஆகிறது. ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “நாலு பிரிண்டர் மாட்டியிருக்கோம் சார், சிஸ்டம் தாங்கல.” கேட்க நியாயமாகவே படுகிறது. ஒரு மாட்டில் நான்கு வண்டியைக் கட்டினால் மாடு திணறத்தானே செய்யும்?

ஆனால் பிரிண்டர் வண்டி இல்லை. மின்சாரம் போட்டுச் சும்மா இருக்கும் பிரிண்டர் கணினியிடம் ஏறக்குறைய எதையும் கேட்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பிரிண்டர்கூட, வேலை சரியாகப் பிரிக்கப்பட்டிருந்தால், கணினியின் கவனத்தில் ஒரு துணுக்கைத்தான் எடுத்துக்கொள்ளும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தக் கதைதான் இங்கே. எண்ணிக்கை மேல் பழி விழுகிறது. உண்மையில் கணினி எங்கோ ஓரிடத்தில் கைகட்டிக் காத்து நிற்க வைக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்தால் நான்கு என்ன, ஆறு பிரிண்டரையும் ஒரு சாதாரணக் கணினி கட்டி மேய்க்கும்.

இந்தக் காத்திருப்பு கணினியோடு கூடவே பிறந்த நோய். ஐ.பி.எம். நிறுவனம் 1959-இல் கொண்டுவந்த 7090 என்ற பெரிய கணினியின் மாத வாடகை சுமார் 63,500 டாலர். அதே ஆண்டு அறிமுகமான 1403 என்ற பிரிண்டர் நிமிடத்துக்கு 600 வரி அடித்தது. அன்றைக்கு அது பேய் வேகம். ஆனாலும் ஒரு வரிக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. அந்த இடைவெளியில் 7090 இருபதாயிரம் கூட்டல்களைப் போட்டுவிடும். அவ்வளவு வாடகை தின்னும் இயந்திரத்தைக் காகிதம் நகரும்வரை காக்க வைப்பது, பட்டத்து யானையைத் தண்ணீர்க் குழாயடியில் குடம் நிறையும்வரை நிறுத்திவைப்பது போல. அக்காலத்தவர் கண்டுபிடித்த வழி எளிமையானது: 7090 தன் விடைகளைக் காந்த நாடாவில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். நாடாவை ஓர் ஆள் எடுத்துக்கொண்டுபோய் 1401 என்ற சின்னக் கணினியில் மாட்டுவார். அது 1403 பிரிண்டரோடு நிதானமாக மல்லுக்கட்டும். பெரியவருக்கு ஒரு வேலை, சின்னவருக்கு ஒரு வேலை. நடுவில் ஒரு நாடா.

நாடாவைத் தூக்கிச் செல்லும் அந்த ஆளின் வேலையைப் பின்னர் ஒரு மென்பொருள் எடுத்துக்கொண்டது. நாசாவின் ஹூஸ்டன் மையத்தில் 1960-களில் ஐ.பி.எம். சிஸ்டம்/360 கணினிகளுக்காக எழுதப்பட்ட ‘ஹாஸ்ப்’ அப்படிப்பட்டவற்றில் பேர்பெற்றது; பெயரின் முதலெழுத்தே ஹூஸ்டன்தான். அச்சாக வேண்டியதை டிஸ்கில் எழுதிவைப்பது, பிரிண்டர் எப்போது தயாரோ அப்போது அங்கிருந்து எடுத்துக் கொடுப்பது. இதற்கு ஸ்பூலிங் என்று பெயர். விண்டோஸில் பின்னணியில் ஓடும் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ செய்வதும் இதையேதான். கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டவர் அது போய்ச் சேரும்வரை பெட்டியடியில் நிற்பதில்லை அல்லவா? நான்கு பிரிண்டர் இருந்தால் நான்கு பெட்டி. வரிசையில் நிற்பது கடிதங்கள். போட்டவர் தன் வழியே போகலாம்.

இந்த ஏற்பாடு முறிந்துபோவதற்கு ஒரே ஒரு தேர்வு போதும். விண்டோஸில் ஒவ்வொரு பிரிண்டரின் பிராப்பர்ட்டீஸ் ஜன்னலிலும் ‘அட்வான்ஸ்டு’ என்ற பக்கம் உண்டு. அங்கே ‘ஸ்பூல் செய்’ என்பதும் ‘நேரடியாகப் பிரிண்டருக்கு அனுப்பு’ என்பதும் எதிரெதிராக இருக்கும். கியூ சிக்கிக்கொண்ட ஒரு நாளில் அவசரத்துக்கு நேரடி அனுப்புதலைத் தேர்ந்துவிட்டு அப்படியே மறந்துவிடுவது நடக்கக்கூடியது. அன்றிலிருந்து அந்த மென்பொருள் காகிதம் வெளியே வரும்வரை பிரிண்டரின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். 1959-க்குத் திரும்பிப் போனது போலத்தான். ஸ்பூலிங்கிலேயே இன்னொரு உட்பிரிவும் உண்டு: முதல் பக்கம் வந்ததும் அச்சைத் தொடங்குவதா, கடைசிப் பக்கம் வரை சேர்ந்த பிறகா என்று. நூறு பக்க வேலையைத் திணறித் திணறி அனுப்பும் மென்பொருளுக்கு இரண்டாவது நல்லது. இல்லையென்றால் பாதி வேலையோடு பிரிண்டரைப் பிடித்துவைத்துக்கொண்டு பின்னால் நிற்கும் ஒற்றைப் பக்கக்காரரையும் தடுக்கும்.

அடுத்த கேள்வி, பக்கத்தை வரைவது யார் என்பது. பிரிண்டருக்கு ‘அ’ என்றால் என்னவென்று தெரியாது. எங்கே புள்ளி வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். ஓர் ஏ4 தாளை அங்குலத்துக்கு 600 புள்ளி என்று பிரித்தால் குறுக்கே 4,960, நெடுக்கே 7,016. மொத்தம் ஏறக்குறைய மூன்றரைக் கோடிப் புள்ளிகள். கறுப்பா வெள்ளையா என்று மட்டும் குறித்தாலும் சுமார் 4.3 எம்.பி. ஆகிறது. நான்கு வண்ணங்களுக்கு, வண்ணத்துக்கு 256 அளவு என்று வைத்தால் 139 எம்.பி. எழுத்தையும் கோட்டையும் இந்தப் புள்ளிக்கடலாக மாற்றுவதுதான் அச்சு வேலையில் கடினமான பகுதி. காகிதம் உருட்டுவதெல்லாம் மோட்டாரின் பாடு.

1985-இல் ஆப்பிள் வெளியிட்ட லேசர்ரைட்டரில் பக்கத்தை வரைபவர் பிரிண்டருக்குள்ளேயே குடியிருந்தார். அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் ‘இன்ன எழுத்து, இன்ன இடம், இன்ன அளவு’ என்று கணினி சொன்னால் போதும். புள்ளிகளைப் பிரிண்டரே கணக்கிட்டுக்கொள்ளும். அதற்காக அதனுள் 12 மெகாஹெர்ட்ஸ் பிராசசரும் 1.5 எம்.பி. நினைவகமும் வைத்தார்கள். அதை இயக்கிய மேக்கின்டாஷ் கணினியின் பிராசசர் அதே குடும்பத்தைச் சேர்ந்தது, வேகம் ஏறக்குறைய 8 மெகாஹெர்ட்ஸ், நினைவகமும் குறைவு. எஜமானைவிட வேலைக்காரர் படித்தவர். விலை 6,995 டாலர் என்பதால் ஒருவர் மேசைக்குக் கட்டுப்படியாகாது. ஒரே பிரிண்டரைப் பல மேக்குகள் பகிர்ந்துகொள்ளும்படி நெட்வொர்க்கோடு விற்றார்கள்.

நம்மூர்க் கடைகளில் குவிந்திருப்பது இதற்கு நேரெதிர் வகை. விலையைக் குறைக்க, பிரிண்டருக்குள் இருந்த மூளையை எடுத்துவிட்டு வரையும் பொறுப்பைக் கணினியிடமே தள்ளிவிட்டார்கள். எச்.பி. லேசர்ஜெட் 1020, கேனன் எல்.பி.பி.2900 இரண்டும் இந்தியாவில் கணக்கில்லாமல் விற்றவை. இரண்டின் நினைவகமும் 2 எம்.பி. முன்பு சொன்ன 4.3 எம்.பி. பக்கம் அதில் விரித்து வைக்கக்கூட இடம் இல்லை. ஆகவே கணினியே புள்ளிகளை வரைந்து, சுருக்கிக் கட்டி அனுப்புகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மலிவு விலையில் உழைக்கும் பிரிண்டர் கிடைத்ததற்கு இதுவே காரணம். ஆனால் ஒரே கணினியில் இப்படிப்பட்ட மூன்று பிரிண்டர்களை மாட்டினால், மூன்று பேருடைய சமையலும் ஒரே அடுப்பில் என்றாகிறது.

அடுப்பு தாங்குமா? தாங்கும் என்பதுதான் கணக்கு தரும் விடை. நிமிடத்துக்கு 12 பக்கம் அடிக்கும் பிரிண்டருக்கு ஐந்து நொடிக்கு ஒரு பக்கம் கொடுத்தால் போதும். வெறும் எழுத்து மட்டும் உள்ள பக்கத்தை வரைய இன்றைய பிராசசருக்கு நொடியின் சிறு பகுதிகூட ஆகாது. அதில் நான்கு கோர் வேறு இருக்கிறது. சிக்கல் வருவது ஸ்கேன் செய்த ஆவணங்களிலும் போட்டோவிலும். ஆதார், சாதிச் சான்று என்று மொபைலில் படம் பிடித்து அனுப்பப்படும் பி.டி.எஃப். பார்க்கச் சின்னதாக இருக்கும். ஆனால் 300 புள்ளித் துல்லியத்தில் வண்ணத்தில் ஸ்கேன் செய்த ஏ4 பக்கம் ஒன்று, சுருக்கம் பிரித்தால் 26 எம்.பி. ஐம்பது பக்கம் இருந்தால் 1.3 ஜி.பி. வாட்ஸ்அப்பில் சிட்டாகப் பறந்து வந்த கோப்பு ஸ்பூல் ஃபோல்டரில் யானையாக விழுவது இப்படித்தான். இங்க் டேங்க் பிரிண்டரில் நான்குக்கு ஆறு அங்குலப் போட்டோ போடுவதோ இன்னும் ஒரு படி மேல். பெட்டியில் 5760 × 1440 என்று அச்சிட்டிருக்கும் துல்லியத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 20 கோடி இடங்களில் எந்த மை விழ வேண்டும், எது விழக்கூடாது என்று தீர்மானிக்க வேண்டும். அந்தக் கணக்கையும் கணினிதான் போடுகிறது. ‘பெஸ்ட் போட்டோ’ தரத்தை ஒரு படி இறக்கினால் சுமை பல மடங்கு குறையும். கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது அபூர்வம்.

ஒயரைப் பற்றியும் ஒரு பழைய பயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது: பழைய பேரலல் போர்ட் நொடிக்கு 150 கே.பி. அளவுதான் தள்ளும், அதையும் பிராசசர் ஒவ்வொரு பைட்டாகக் கையில் கொடுக்க வேண்டும். இன்றைய யு.எஸ்.பி. 2.0-வின் பெயரளவு வேகம் நொடிக்கு 480 மெகாபிட். 12 பக்க லேசர் ஒன்று சுருக்காத புள்ளிகளை வாங்கினாலும் நொடிக்கு ஒரு எம்.பி.கூடத் தேவைப்படாது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அது தமிழில் பில் அடிப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. தெர்மல் பிரிண்டருக்கு ஆங்கில எழுத்துகள் அதன் உள்ளேயே இருக்கும். இருபது வரி பில்லுக்கு ஒரு கே.பி. அனுப்பினால் முடிந்தது. உள்ளே தமிழ் எழுத்துரு இல்லாத பிரிண்டரில் ‘துவரம் பருப்பு’ என்று அடிக்க வேண்டுமானால் பில் முழுவதையும் படமாகத்தான் அனுப்ப முடியும். 80 மில்லிமீட்டர் காகிதத்தில் குறுக்கே 576 புள்ளி. இருபது சென்டிமீட்டர் பில் என்றால் 115 கே.பி. நூறு மடங்குக்கு மேல். யு.எஸ்.பி.யில் இது ஒன்றுமே இல்லை. பழைய சீரியல் கேபிளில், 9600 வேகத்தில், அதே பில் கடந்துபோக இரண்டு நிமிடம் ஆகும். பில் மென்பொருள் ஸ்பூலர் வழியே போகாமல் போர்ட்டில் நேராக எழுதுகிற வகையாக இருந்தால், அந்த இரண்டு நிமிடமும் கவுன்டரில் அடுத்த பில்லைத் தொட முடியாது. கணினியின் பிராசசர் அப்போது சும்மாதான் இருக்கும். வெளியே பார்க்கிறவருக்கு ‘ஹேங்’.

“கணக்கெல்லாம் சரி, மூன்றாவது பிரிண்டரை மாட்டிய அன்றே சிஸ்டம் மந்தமானதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?” என்று கடைக்காரர் கேட்பார். கேள்வி நியாயமானது. அன்றைக்கு வந்தது பிரிண்டர் மட்டும் இல்லை. கூடவே ஒரு பரிவாரமும் வந்தது. மை அளவைக் காட்டும் நிரல், அப்டேட் தேடும் நிரல், ஸ்கேன் உதவியாளர், மை வாங்கச் சொல்லி நினைவூட்டும் ஜன்னல் என்று ஒவ்வொரு நிறுவனத்தின் முழு இன்ஸ்டாலரும் தன் ஆட்களைக் கணினி தொடங்கும்போதே உள்ளே அமர்த்துகிறது. நான்கு நிறுவனம் என்றால் பத்துப் பன்னிரண்டு விருந்தாளிகள். பிரிண்டரை இயக்கும் டிரைவரை மட்டும் போட்டுக்கொண்டு மற்றதைத் தவிர்க்கும் வழி பெரும்பாலும் உண்டு. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் மீதியை நிறுத்தலாம். இன்னொரு குற்றவாளி, அணைந்து கிடக்கும் பிரிண்டர். வேர்டு போன்ற மென்பொருள்கள் பக்க அமைப்புக்காக டீஃபால்ட் பிரிண்டரிடம் விவரம் கேட்கும். அது நெட்வொர்க்கில் எங்கோ அணைந்திருந்தால், பதில் வராதா என்று சில நொடிகள் காத்திருந்துவிட்டுத்தான் ஆவணத்தைத் திறக்கும். கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரையே டீஃபால்ட்டாக்கும் வசதி விண்டோஸ் 10-இல் வந்தது. பல பிரிண்டர் வைத்திருப்பவர் அதை அணைத்துவிட்டு, எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் ஒன்றைத் தாமே டீஃபால்ட்டாக வைப்பது மேல். விற்றுவிட்ட பிரிண்டரின் பெயர் இன்னும் பட்டியலில் இருந்தால் அதையும் நீக்கிவிட வேண்டியதுதான்.

டிரைவரின் அடாவடிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1996-இல் வந்த விண்டோஸ் என்.டி. 4.0-இல் பிரிண்டர் டிரைவர்கள் இயங்குதளத்தின் கருவறைக்குள்ளேயே ஓடின. ஒன்று தடுக்கி விழுந்தால் முழுக் கணினியும் விழும். பின்னால் வந்த விண்டோஸ் விஸ்டா அந்த வழக்கத்துக்குக் கதவடைத்தது. விண்டோஸ் 7-இல், ஒரு டிரைவர் கெட்டால் மற்ற பிரிண்டர்களின் ஸ்பூலரையும் சேர்த்துச் சாய்க்காதபடி அதைத் தனி அறையில் பூட்டிவைக்கும் ஏற்பாடு வந்தது. ஆக, ‘இரண்டு கம்பெனி பிரிண்டரை ஒன்றாக மாட்டக்கூடாது’ என்ற பழைய அறிவுரை ஒரு காலத்து அனுபவத்தின் மிச்சம். அந்தக் காலம் போய்விட்டது, அறிவுரை மட்டும் தங்கிவிட்டது.

அப்படியானால் பேசாமல் புதிய கணினி வாங்கிவிடலாமே? பாதி சரி. ஸ்பூலிங் என்பது அடிப்படையில் டிஸ்கில் எழுதிப் படிக்கும் வேலை. சுழலும் ஹார்டு டிஸ்கில் ஒரே முள் நான்கு கியூவுக்கும் நடுவில் ஓடித் திரும்ப வேண்டும். அதே நேரம் பி.டி.எஃப். மென்பொருளும் அதே டிஸ்கைத் தட்டிக்கொண்டிருக்கும். மவுஸ் அம்பு உறைவது பெரும்பாலும் இந்த நெரிசலில்தான். அதற்கு எஸ்.எஸ்.டி. ஒன்றும் 8 ஜி.பி. ராமும் போதும், முழுக் கணினி தேவையில்லை. பிரிண்டருக்கு ஒரு கணினி என்று பிரித்து வைப்பதோ, 1401-இன் தத்துவத்தை மிகச் செலவான முறையில் திரும்பச் செய்வது. ராஸ்பெர்ரி பை போன்ற கையடக்கக் கணினியைப் பிரிண்ட் சர்வராக்குவது அதைவிட மலிவு. ஆனால் மூளை எடுக்கப்பட்ட பிரிண்டர்கள் பலவற்றின் டிரைவர்கள் அதன் சிப்பில் ஓடாது என்பதை வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதிகம் பேர் தொடாத ஒரு வசதியைச் சொல்ல வேண்டும். ஒரே மாதிரியான, ஒரே டிரைவரில் ஓடும் இரண்டு லேசர்கள் இருந்தால், ‘போர்ட்ஸ்’ பக்கத்தில் பிரிண்டர் பூலிங் என்பதைத் தேர்ந்து இரண்டையும் ஒரே பெயரின்கீழ் கட்டலாம். வங்கியில் ஒரே வரிசை, இரண்டு கவுன்டர் என்பது போல, எந்தப் பிரிண்டர் காலியோ அதற்கு அடுத்த வேலை தானாகப் போகும். இதன் மறுபக்கமும் செல்லும்: ஒரே பிரிண்டரை இரண்டு பெயரில் சேர்த்து, ஒன்றில் இருபக்க அச்சு, மற்றதில் ஒருபக்க அச்சு என்று நிலைநிறுத்தலாம். ஒன்றுக்கு முன்னுரிமை எண்ணைக் கூட்டிவைத்தால், இருநூறு பக்கத் திட்ட அறிக்கைகள் வரிசையாகக் காத்திருக்கும்போதும் ஒற்றை ஹால் டிக்கெட் இடையில் புகுந்து வெளியே வந்துவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேலையை அது நடுவில் நிறுத்தாது. அடுத்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இனி டிரைவரே இல்லாத காலம் வருகிறதே, இந்தப் பேச்செல்லாம் எதற்கு என்றும் கேட்கலாம். டிரைவர் இல்லாமலே அச்சிடும் ஏர்பிரிண்ட்டை ஆப்பிள் 2010-இல் கொண்டுவந்தது. 2023-இல் மைக்ரோசாஃப்ட்டும் பிற நிறுவன டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2021-இல் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற ஓட்டை ஸ்பூலர் வழியாகவே கணினிக்குள் ஆள் புக முடியும் என்று காட்டிய பிறகு, கண்ட டிரைவரையும் உள்ளே விடும் பழக்கம் குறைவது நல்லதே. ஆனால் பரிவாரம் குறையுமே தவிர, பக்கத்தை யாராவது வரையத்தான் வேண்டும், கியூ இருக்கத்தான் வேண்டும். கடையில் இன்று இருக்கும் 1020-களும் 2900-களும் அதுவரை ஓய்வு பெறுவதாகவும் தெரியவில்லை.

பதில் சொல்லக் கடினமான ஆட்சேபம் ஒன்றுதான்: எல்லாம் ஒரே கணினியில் என்றால், அது படுத்தால் கடையே படுத்துவிடும். இதை மறுக்க முடியாது. அது படுப்பதற்கான வழியையும் பல கடைகளில் தெரியாமலேயே வைத்திருக்கிறார்கள்: லேசர் பிரிண்டரைக் கணினியின் யு.பி.எஸ்.ஸிலேயே செருகுவது. டோனரை உருக்கிக் காகிதத்தில் ஒட்டவைக்கும் ஹீட்டர் சூடேறும் நொடியில் பல நூறு வாட் இழுக்கும், 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குவதோ சுமார் 360 வாட். அது கைவிரித்தால் கணினியும் சேர்ந்து அணைகிறது, பழி மறுபடி பிரிண்டர் எண்ணிக்கை மேல் விழுகிறது. லேசரை நேரே சுவர் பிளக்கில் செருகுவதே முறை. மற்றபடி, அடுத்த முறை பிரிண்டர் வாங்கும்போது நான்கில் ஒன்றையாவது நெட்வொர்க் கேபிள் செருகும் வாய் உள்ளதாக வாங்கி, ரவுட்டரில் நேராக மாட்டிவைக்கலாம். மேசைக் கணினி ரிப்பேருக்குப் போன அன்று, பக்கத்து லேப்டாப்பிலிருந்தே ஹால் டிக்கெட் வந்துகொண்டிருக்கும்.